‘க’ வரிசையில் ஒரு கோடை

மே 26, கோவில்பட்டி

இந்தப் பயணத்துக்குச் சட்டம் எழுதியவள் கனி, என் தங்கை மகள். ஊர், பேர், பூ, பொருள், மிருகம் என்று நோட்டில் கட்டம் போட்டு விளையாடுவார்களே, அதில் ‘க’ வந்தால் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. கோடை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்டதற்கு, ‘க’வில் தொடங்கும் ஊர்களுக்குத்தான் போக வேண்டும், ‘க’வில் தொடங்குவதைத்தான் சாப்பிட வேண்டும், பிடித்ததை எல்லாம் நோட்டில் எழுத வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். கா, கி, கு, கோ எல்லாம் சேர்த்தி. தண்ணீருக்கும் ஆச்சியின், அதாவது என் அம்மாவின், மாத்திரைக்கும் மட்டும் விலக்கு.

அம்மா பிறந்து வளர்ந்தது திருநெல்வேலிப் பக்கம். “தெக்க போனா கானாவுக்கு என்னட்டி பஞ்சம்?” என்று அவளே ஊர்ப் பட்டியலைக் கடகடவென்று சொல்லிவிட்டாள். கொடைக்கானலும் ‘க’தானே என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

காலையில் கோவில்பட்டியில் இறங்கினோம். ரயிலில் இந்த ஊரைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னல் வழியாகக் கடலைமிட்டாய் வாங்கியதோடு சரி, இறங்கியதில்லை. ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. ஓட்டலில் முதல் சிக்கல். கனிக்குக் கேசரி கிடைத்துவிட்டது, ஆனால் கேசரியால் வயிறு நிறையுமா? அம்மா இட்லித் தட்டை அவள் பக்கம் தள்ளி, “காலைப் பலகாரம்னு எழுதிக்கோ” என்றாள். கனி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதிக்கொண்டாள். சட்டத்தில் முதல் ஓட்டை அங்கே விழுந்தது.

கடலைமிட்டாய் செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றதும், கடைக்காரர் ஒருவர் பின்கட்டுக்கே அழைத்துப் போனார். வறுத்து, தோல் நீக்கி, இரண்டாக உடைத்த கடலை ஒரு பக்கம் குவிந்திருந்தது. இன்னொரு பக்கம் வெல்லப்பாகு கொதித்தது. பாகு பதம் வந்ததும் கடலையைக் கொட்டிக் கிளறி, மேடையில் பரப்பி, உருளையால் தேய்க்கிறார்கள். சூடு ஆறுவதற்குள் வெட்டியாக வேண்டும், ஆறினால் கத்தி இறங்காது. மேலே ரோஸ், பச்சை, வெள்ளை என்று தேங்காய்ப்பூ. அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற பையன் பனியனைப் பிழிந்தால் ஒரு டம்ளர் வேர்வை வரும். “கரிசல் மண்ணுக் கடலைங்க, சின்னதா இருக்கும், ஆனா எண்ணெய்ச் சத்து ஜாஸ்தி. அப்புறம் தாமிரபரணித் தண்ணி” என்றார் கடைக்காரர். 2020-ல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு அப்புறம் வெளியூர் ஆர்டர் கூடியிருக்கிறதாம். கால் கிலோ 60 ரூபாய். உடைந்த துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி கனி கையில் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

மதியம் லாட்ஜில் படுத்தோம். கரண்ட் போய்ப் போய் வந்தது. வெயில் தாழ்ந்ததும் கழுகுமலைக்கு டவுன் பஸ். அம்மாவுக்கும் கனிக்கும் இலவசம், எனக்கு மட்டும் டிக்கெட். அம்மா அதை ரொம்ப ரசித்தாள், நடத்துநரிடம் “இவனுக்கு மட்டும் கிழிங்க” என்று சத்தமாகச் சொன்னாள்.

கழுகுமலையில் அம்மா கீழே கழுகாசலமூர்த்தி கோயிலிலேயே உட்கார்ந்துவிட்டாள், மூட்டு வலி. நானும் கனியும் ஏறினோம். பகல் முழுக்கக் காய்ந்த பாறை, செருப்பைத் தாண்டிச் சூடு ஏறியது. வெட்டுவான் கோயிலைப் படத்தில் பார்ப்பது வேறு, நேரில் வேறு. மலையின் ஒரு பகுதியை மூன்று பக்கமும் வெட்டிப் பிரித்து, நடுவில் நின்ற பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். எல்லோராவின் கைலாசநாதர் கோயிலும் இதே முறைதான். இது 8-ம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. விமானம் முழுமையாக இருக்கிறது, கீழ்ப்பகுதி முடியவில்லை. மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியைக் கனிதான் முதலில் கண்டுபிடித்தாள். அப்பன் சிற்பிக்கும் மகன் சிற்பிக்கும் போட்டி வந்து, மகனின் உளிச் சத்தம் பொறுக்காமல் அப்பனே அவனைக் கொன்றுவிட்டான், அதனால்தான் கோயில் பாதியில் நின்றது என்று காவலர் ஒரு கதை சொன்னார். கனிக்கு அது பிடிக்கவில்லை. “காசு தீர்ந்திருக்கும்” என்றாள்.

அந்தப் பக்கம் சமணச் சிற்பங்கள், பாறை முகம் முழுக்க வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே வட்டெழுத்தில், யார் சார்பாக யார் செய்வித்தது என்று வெட்டியிருக்கிறார்கள். அவர்களில் குரத்திகளும் உண்டு, அதாவது பெண் ஆசிரியர்கள். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மொட்டை மலையில் பெண் ஆசிரியர்கள்! நோட்டில் ‘குரத்தி டீச்சர்’ ஏறியது. இருட்டுவதற்குள் இறங்கச் சொல்லிக் காவலர் விசில் அடித்தார்.

மே 27, கயத்தாறு, கடம்பூர்

கயத்தாற்றில் காற்றுதான் முதலில் வரவேற்றது. காற்று சீசன் தொடங்கிவிட்டதால் கண்ணுக்கு எட்டிய வரை காற்றாலைகள் சுற்றுகின்றன. காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசின் நிலையமே இங்கேதான் இருக்கிறது. கனியின் தொப்பி பறந்து சாலையைத் தாண்டிப் போனது. எதிர்ப்பக்கம் பஞ்சர் கடைக்காரர் அதைக் காலால் மிதித்துப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். கறுப்பாக ஒரு செருப்புத் தடம் அதில் இன்னும் இருக்கிறது.

1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது இந்த ஊரில்தான். மரம் இப்போது இல்லை. சிலையை 1970-ல் தன் செலவில் வைத்தவர் நடிகர் சிவாஜி கணேசன். பக்கத்தில் அரசு கட்டிய மணிமண்டபம். பார்க்க வந்தவர்கள் நாங்களும் ஒரு கல்லூரி ஜோடியும்தான். அம்மா சிலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, “தூக்குக் கயித்தைத் தானே மாட்டிக்கிட்டான்னு எங்க அப்பா சொல்லுவாரு” என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. வாய்க்குள் மண் போனதுதான் காரணம் என்று பிறகு சொன்னாள்.

அங்கிருந்து ஆட்டோவில் கடம்பூர், போளிக்காக. ரயில் நின்றால் தட்டோடு ஓடி வந்து விற்பார்கள், நினைவிருக்கலாம். தேங்காய்ப் போளி, பருப்புப் போளி, ஒன்று 10 ரூபாய். கல்லில் இருந்து எடுத்ததை வாழை இலையில் போட்டுத் தந்தார்கள். விரல் சுட்டது. போளி ‘ப’ ஆயிற்றே? அம்மா தயாராக இருந்தாள்: “கடம்பூர் போளி”. ஆமோதித்தாள் நீதிபதி. அத்தனை சூட்டோடு போளி தின்றது எனக்கு இதுதான் முதல் முறை. ரயிலில் வாங்குவது ஆறிப் போனது என்பது இப்போதுதான் புரிகிறது. எனக்கு எதிலும் கொஞ்சம் இனிப்பு குறைவாக வேண்டும், அதனால் பருப்புக்கே என் ஓட்டு.

ராத்திரி தங்க வேறு வழியில்லாமல் திருநெல்வேலி. ‘த’ ஊர் என்பதால் கனி நோட்டை மூடி வைத்துவிட்டாள். டவுனில் அல்வாக் கடை முன்னால் கூட்டம். இலையில் வைத்துச் சுடச்சுடக் கொடுக்கிறார்கள், நூறு கிராம் 35 ரூபாய். எண்ணெய் மின்னுகிற அந்தத் துண்டை அவள் ஏக்கத்தோடு பார்த்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்று தின்றுகொண்டிருந்த பெரியவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “இதுல என்ன இருக்கு பாப்பா, கோதுமையை ஊற வச்சு, ஆட்டிப் பாலெடுத்துத்தான கிண்டுறான். கோதுமை அல்வான்னு தின்னு” என்றார். அவ்வளவுதான். இருநூறு கிராம்.

மே 28, காருகுறிச்சி, கல்லிடைக்குறிச்சி

இன்றிலிருந்து வாடகைக் கார். டிரைவர் தம்பி கடையநல்லூர்க்காரர் என்பதால் கனியின் ஒப்புதல் உடனே கிடைத்தது.

மேற்கே போகப் போக வெயில் குறைந்து, வானம் மூடிக்கொண்டு வந்தது. காருகுறிச்சி என்றால் பெரியவர்களுக்கு நாதஸ்வரம். அருணாசலத்தின் ஊர். 1964-ல் சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது கோயில் கொடை விழாவில் அவர் வாசித்ததைக் கேட்டவள். எந்த ஊர்க் கொடை என்று அவளுக்கும் டிரைவர் தம்பிக்கும் ஒரு வாக்குவாதம். அவரோ அருணாசலம் இறந்து முப்பது வருஷம் கழித்துப் பிறந்தவர்.

இப்போது ஊருக்குள் நுழைந்தால் கண்ணில் படுவது மண்பாண்டம்தான். தெருவோரம் குடம், கலயம், கூஜா, குழம்புச் சட்டி, எல்லாமே ‘க’! கனி குதித்தாள். சக்கரத்தில் பானை வனைந்துகொண்டிருந்த அண்ணாச்சி அவளை உட்கார வைத்து, கையைப் பிடித்து ஒரு சின்னக் கலயம் செய்ய வைத்தார். கோணலாகத்தான் வந்தது. குளத்து மண் எடுக்க அனுமதி வாங்குவதுதான் இப்போது பெரிய பாடு, மழைக்காலத்தில் வேலையும் கிடையாது என்றார். குழம்புச் சட்டி 150 ரூபாய். அம்மா பேரம் பேசி 130-க்குக் கொண்டுவந்தாள், பிறகு அவளே மனசு கேட்காமல் 150 கொடுத்துவிட்டாள். புதுச் சட்டியில் ரெண்டு நாள் கஞ்சித் தண்ணி ஊற்றி வைத்துப் பழக்க வேண்டும் என்று அவர் சொல்ல, “அத எனக்கேவா சொல்லுதீக” என்று இவள் சிரிக்க, கிளம்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று.

கல்லிடைக்குறிச்சி வந்ததும் சாரல் பிடித்துக்கொண்டது. தெருவில் காய வைத்திருந்த அப்பளங்களை முறத்தோடும் பாயோடும் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வீடு ஓட்டம். ஒரு மாமி நாங்கள் நனைவதைப் பார்த்து, “குழந்தைய வச்சுண்டு ஏன் நிக்கறேள், உள்ள வாங்கோ” என்றார். ரேழி முழுக்க அப்பளம், நடக்க இடமில்லை. மின்விசிறிக்கு அடியில் வேட்டியை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தார். உளுந்து மாவை எண்ணெய் தொட்டு இடித்து இடித்துத்தான் மிருதுவாக்க வேண்டுமாம், அந்தத் தோள் வலியை ஒரு சுலோகத்தின் ஏற்ற இறக்கத்தோடு சொன்னார். எங்களுக்காக நான்கு அப்பளம் பொரித்துக் கொடுத்தார். ‘கல்லிடைக்குறிச்சி அப்பளம்’ என்று கனி தானாகவே எழுதிக்கொண்டாள். ஐந்து கட்டு வாங்கினோம். காசைக் கையில் வாங்காமல் ஸ்டூலின் மேல் வைக்கச் சொன்னார், மாவுக் கை.

மழை விட்டதும் குலசேகரமுடையார் கோயில். இங்கிருந்த நடராஜர் 1982-ல் திருட்டுப் போனவர். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகர அருங்காட்சியகத்தில் இருப்பது தெரிந்து, 2019-ல் மீட்டுக் கொண்டுவந்தார்கள். சிலை வந்த அன்று ஊரே திரண்டு, மேளதாளத்தோடு வரவேற்றதை வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா நேற்று நடந்தது போலச் சொல்லிக்கொண்டே போனார். அத்தனை வருஷம் அங்கே அவருக்கு யார் விளக்குப் போட்டார்கள் என்பது என் அம்மாவின் கேள்வி. கண்ணாடிப் பெட்டிக்குள் எலக்ட்ரிக் விளக்கு போட்டிருப்பார்கள் என்றேன். முறைத்தாள்.

ஊரை ஒட்டிக் கன்னடியன் கால்வாய் ஓடுகிறது. தாமிரபரணியில் அணை கட்டித் திருப்பிய பழைய கால்வாய், சேரன்மகாதேவியையும் தாண்டி வயலுக்குத் தண்ணீர். பாலத்தில் இருந்து பையன்கள் தலைகுப்புறக் குதித்துக்கொண்டிருந்தார்கள். கனிக்கும் குதிக்க ஆசை. கால் நனைப்பதோடு நிறுத்தினேன். இந்த ஊரில் ஒரு வாரம் தங்கலாம் என்று தோன்றியது. இதுவரை பார்த்ததில் எனக்குப் பிடித்தது கல்லிடைக்குறிச்சிதான், அதில் சந்தேகமே இல்லை.

மே 29, குற்றாலம்

குளிக்கத் தடை.

மேலே மலையில் நல்ல மழை. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் போலீஸ் யாரையும் விட மாட்டார்கள். தலையில் எண்ணெய் வழிய, துண்டைக் கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் ஆண்கள் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்கிறார்கள். பிடித்து மசாஜ் பண்ணிவிடுகிறவர்களுக்கு மட்டும் நல்ல வருமானம். விருதுநகரில் இருந்து வேன் பிடித்து வந்த ஒரு குடும்பம், அருவியில்தான் குளிப்போம் என்று காலையில் இருந்து முகம்கூடக் கழுவவில்லையாம். ஐந்தருவிக்கு ஓடினோம், அங்கேயும் தடை. பழைய குற்றாலம், தடை. ஆனால் செம்மண் நிறத்தில் பொங்கி விழும் அருவியைப் பார்த்துக்கொண்டே நிற்பதும் நன்றாகத்தான் இருந்தது. சாரல் இங்கே குளிப்பாட்டியே விடுகிறது.

கோவில்பட்டிக் கடலைமிட்டாயின் கடைசி பாக்கெட் இன்று போயிற்று. குரங்கு. கனி பையைத் திறந்த நொடியில் பின்னால் இருந்து வந்து பிடுங்கி, கடைக் கூரை மேல் ஏறி, பிளாஸ்டிக்கைப் பல்லால் கிழித்து, தேங்காய்ப்பூவை முதலில் நக்கித் தின்றது. அழுகை வரும் என்று பார்த்தால், நோட்டை எடுத்து ‘குரங்கு’ என்று எழுதி, பிறகு அடித்தாள். பிடித்தவை பட்டியலில் திருடனுக்கு இடமில்லையாம்.

குற்றாலநாதர் கோயில் சங்கு வடிவத்தில் அமைந்தது. சித்திர சபை மூலிகை வண்ண ஓவியங்களோடு தனியாக இருக்கிறது. உள்ளே இருட்டு, பழுப்பேறிய சுவர், ஆனால் கண் பழகியதும் உருவங்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. அம்மாவை அங்கிருந்து கிளப்புவது கஷ்டமாகிவிட்டது.

ராத்திரி பிரானூரில் பார்டர் கடை. ஊரே அங்கேதான் சாப்பிடுகிறது என்று டிரைவர் தம்பி சொன்னதில் மிகை இல்லை. நின்று இடம் பிடித்தோம். பரோட்டாவை நான் சொல்லப் போக, கனி எழுந்து நின்று ஒரு திருத்தம் அறிவித்தாள்: இனி ஊர்ப் பெயரை முன்னால் ஒட்டக் கூடாது, ஏமாற்று வேலை. சரி, கொத்துப் பரோட்டா? அது செல்லும். அப்புறம் காடை வறுவல், கோழிக் குழம்பு. காடை 110 ரூபாய், மொறுமொறுவென்று எலும்போடு கடித்துவிடலாம். பரிமாறியவர் சால்னாவை வாளியில் கொண்டுவந்து, போதும் என்று கையை மறைத்தாலும் விரலுக்கு மேலே ஊற்றினார். பின் பெஞ்சில் கேரளாக்காரர்கள் நால்வர், ஆளுக்கு இரண்டு காடை. அம்மா கரண்டி அளவு தயிர்ச் சோறு கிடைக்குமா என்று கேட்டுக் கடைப் பையனைத் திகைக்க வைத்தாள்.

மே 30, கொற்கை, காயல்பட்டினம்

நீண்ட நாள். குற்றாலத்துச் சாரலில் கிளம்பி, திருநெல்வேலி தாண்டியதும் மறுபடி அனல். ஏரல் வழியாகக் கொற்கை. பாண்டியர்களின் துறைமுகம், சங்கப் பாட்டில் முத்துக்குப் பேர் போன ஊர், கிரேக்கர்கள் குறித்துவைத்த ஊர். போய் இறங்கினால் வாழைத் தோட்டம், ஒரு குளம், கொஞ்சம் வீடுகள். டீக்கடை கிடையாது. டிரைவர் தம்பி, “இதுக்கா அண்ணாச்சி இவ்வளவு தூரம்?” என்றார்.

தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் பின்வாங்கிப் பல கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. பழைய வன்னி மரம் ஒன்று நிற்கிறது. ரெண்டாயிரம் வருஷம் என்கிறார்கள் ஊரில். அடிமரம் குடைந்து, ஒரு ஆள் உள்ளே நிற்கலாம். 1968-69-ல் தமிழகத் தொல்லியல் துறை இங்கே தோண்டியது, 2021-ல் மறுபடியும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, கீழே குனிந்து ஒரு சங்குத் துண்டைப் பொறுக்கி கனியிடம் கொடுத்தார். “மழ பேஞ்சா மேல வரும். வீட்டுக்குக் கொண்டு போவாத, இங்கனயே போட்டுரு” என்றார். கனி கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு அதே இடத்தில் வைத்தாள். வேறெங்கும் இல்லாத அளவுக்கு அவள் கொற்கையில் கேள்வி கேட்டாள். கடல் எப்படிப் போகும், எங்கே போகும், திரும்பி வருமா.

காயல்பட்டினத்துக்கு மூன்று மணிக்கு வந்தோம், பசியின் உச்சம். அமைதியான தெருக்கள், வெள்ளையடித்த பெரிய வீடுகள், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பெண்கள் போய்வர ஒடுக்கமான முடுக்குகள். தலைமுறை தலைமுறையாக இலங்கை, ஹாங்காங் என்று வியாபாரத்துக்குப் போன ஊர். சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது என்று சொன்ன ஓட்டல்காரர், கனியின் முகத்தைப் பார்த்து, உள்ளே யாரையோ கூப்பிட்டார். பத்து நிமிஷத்தில் நெய்ச்சோறும் கறியும் கத்தரிக்காய் மாங்காயும் வந்தன. வேலை செய்கிற பையன் அவரைக் ‘காக்கா’ என்று அழைக்க, கனிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று அவரே சொல்லி, “நீயும் கூப்பிடு” என்றார். அதன்பிறகு கிளம்பும் வரை காக்கா, காக்கா என்று ஒரே பேச்சு.

கல்யாணத்துக் களரிச் சாப்பாட்டைப் பற்றி அவரிடம் கேட்டேன். ஒரு பெரிய தட்டில் நெய்ச்சோறு, சுற்றிச் சிலர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. சஹன் என்பார்கள். தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்ப்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு நல்ல கறியாகத் தள்ளிவிடுவது மரியாதை. “கல்யாண சீசன்ல வாங்க, பத்திரிகை எல்லாம் வேணாம்” என்றார். மூன்று பேருக்கு 420 ரூபாய் ஆயிற்று. தம்மடை என்றொரு முட்டை இனிப்பும் வாங்கினேன். ஊர்ப் பெயரை ஒட்டத் தடை என்பதால் கனி தொடவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் ஆளுக்குப் பாதி.

தங்கியது திருச்செந்தூர். ‘த’தான். ஆனால் இவ்வளவு தூரம் வந்து முருகனைப் பார்க்காமல் போவதா என்று அம்மா பிடிவாதம். “கந்தன், குமரன், கடம்பன், கார்த்திகேயன். எதை வேணா எழுதிக்கோட்டி.” வழக்கு தள்ளுபடி. வரிசையில் இரண்டரை மணி நேரம் நின்றோம். முன்னால் நின்ற பெண் கைக்குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய், அரை மணி கழித்துத்தான் வந்தாள். குழந்தை அம்மா தோளில் தூங்கிவிட்டது. இவள் அதைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் கொடுத்தாள்.

மே 31, கன்னியாகுமரி

காலையில் குலசேகரன்பட்டினம். தசராவுக்கு லட்சக்கணக்கில் கூடும் இடம். காப்புக் கட்டி, காளி வேஷம், குறத்தி வேஷம் என்று போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி வருவார்கள். இன்று முத்தாரம்மன் கோயிலில் நாங்களும் ஒரு நாயும்தான். ஊருக்குப் பக்கத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் தளம் வருகிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைத்துப் போக வேண்டும், எரிபொருள் வீண். இங்கிருந்து நேராகப் போகலாம். தேங்காய் பழக் கடைக்காரர், “ராக்கெட் விட ஆரம்பிச்சா கூட்டம் வரும்லா” என்று நம்பிக்கையோடு இருக்கிறார்.

உடன்குடியில் கருப்பட்டி வாங்கினோம். ஊர் ‘உ’, சரக்கு ‘க’. உடன்குடிக் கருப்பட்டிக்கும் 2023-ல் புவிசார் குறியீடு வந்துவிட்டது. பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி ஆற வைக்கிறார்கள். விற்ற அக்கா ஒன்றை உடைத்துக் காட்டினார்: உள்ளே மினுமினு என்று சீனிக் கற்கண்டு மாதிரித் தெரிந்தால் கலப்படம், மங்கலாக இருந்தால் நல்லது. கிலோ 400 ரூபாய். சீனி கலந்தது பாதி விலைக்கே கிடைக்கும், பெரும்பாலும் அதுதான் வெளியூருக்குப் போகிறது என்று ஒளிக்காமல் சொன்னார். பக்கத்தில் கருப்பட்டிக் காபி, 20 ரூபாய், சுக்கு மணத்தோடு. கனிக்குப் பால் கலந்து. இது எனக்கு இந்தப் பயணத்தின் சிறந்த இருபது ரூபாய்.

கூடங்குளம் அணுமின் நிலையத்தின் குவிமாடங்களைத் தூரத்தில் பார்த்துக்கொண்டே கன்னியாகுமரி. கனிக்கு வேண்டியது கண்ணாடிப் பாலம். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்தில் 2024 டிசம்பரில் திறந்தார்களே, அது. படகுத் துறைக்குப் போனால் போர்டு: கடல் சீற்றம் காரணமாகப் படகுப் போக்குவரத்து இல்லை. இரண்டு மணிக்குத் தெரியும் என்றார்கள். இரண்டு மணிக்கு மூன்று மணி என்றார்கள். பீகாரில் இருந்து வந்த ஒரு கூட்டம், வரிசையில் இடத்தை விடக் கூடாதென்று வெயிலிலேயே உட்கார்ந்திருந்தது. அவர்களுக்கும் எங்களுக்கும் பொதுவான மொழி குச்சி ஐஸ். மூன்றரைக்குக் கவுன்டரையே சாத்திவிட்டார்கள்.

கரையில் இருந்தபடியே பாலத்தைப் பார்த்தோம். அலை வள்ளுவர் பீடத்தில் மோதி மேலே எழும்பியது. காந்தி மண்டபம், காமராஜர் மண்டபம், குமரி அம்மன் கோயில் என்று சுற்றியுள்ளதெல்லாம் ‘க’வாகவே இருந்தும் கனி எதற்கும் அசையவில்லை. காந்தியின் அஸ்திக் கலசம் வைத்திருந்த இடத்தில் அக்டோபர் 2 அன்று சூரிய ஒளி விழும்படி கூரையில் துளை விட்டிருக்கிறார்கள் என்று காட்டினேன். “இன்னைக்கு மே 31” என்றாள். மூட்டம் போட்டதால் அஸ்தமனமும் இல்லை, எப்படியும் அதற்கு முன்பே ரயில். ரயிலின் பெயர் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் என்றதும் கொஞ்சம் சமாதானம். பெட்டியில் விசிறி ஓடவில்லை.

ஜூன் 1, சென்னை

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால், கருப்பட்டி வேர்த்து, பொட்டலத்தை நனைத்து, என் இரண்டு துண்டுகளோடும் அம்மாவின் சுங்குடிச் சேலையோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் வரிசையாகக் கட்டெறும்பு. குழம்புச் சட்டி மட்டும் கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது, அம்மா அதை மடியை விட்டு இறக்கவே இல்லை. சேலைக்காக என் மேல் கோபம், கருப்பட்டியைத் தகர டப்பாவில் வைக்கச் சொன்னாளாம். தங்கை வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கனி எடுத்து, “கட்டெறும்பா? எழுதிக்கவா?” என்றாள். பின்னால் தங்கை, ஸ்கூல் பையை எடுத்து வை என்று கத்துவது கேட்டது. அம்மா அடுப்பில் தண்ணீர் வைத்து, எறும்பைத் தட்டிவிட்ட கருப்பட்டியில் ஒரு துண்டை அதற்குள் போட்டிருக்கிறாள். வடிகட்டினால் சரியாகிவிடும் என்கிறாள்.